பகல் முழுக்க அசையாத பறவை

எங்கள் வீட்டில் 'பக்கி' என்பது திட்டுகிற வார்த்தை. சாப்பாட்டுக்கு நான் பறந்தால் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். அது ஒரு பறவையின் பெயர் என்று சொன்னவர் அப்பா.

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்து, ஹைதராபாத்தில் அடுத்து யார் தலை உருளுமோ என்று எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குப் பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் வேலை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். அவர் தமிழில் கேட்பார், நான் தெலுங்கில் பதில் சொல்வேன். அதனாலேயே எங்களுக்குள் பேச்சு குறைவு. அந்த ஏப்ரலில் மனிதர் திடீரென்று வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தார், அதுவும் ஒரு பறவையைப் பற்றி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"மைனா அளவுதான். சருகு நிறம். தரையிலயே ஒக்காந்திருக்கும், கால் வைக்கப் போற வரைக்கும் தெரியாது. இருட்டினாத்தான் கிளம்பிப் பூச்சி பிடிக்கும்."

எங்கே பார்த்தார் என்று கேட்டேன். "எக்கட சூசாவு நான்னா?"

"கச்சிபௌலி தாண்டி, பாறைக்காட்டுல, ஒரு வேப்பமரத்தடியில. காலையில எப்படி ஒக்காந்துச்சோ சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான். நிழல் நகர்ந்தாலும் அது நகராது."

சப்பாத்தி திருப்பிக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் நகரலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மார்ச்லயே அனுப்பிட்டாங்க," என்றார்.

அம்மா எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறவள். இன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன். அவளோ அடுப்பைப் பற்றவைத்து மிச்சச் சப்பாத்தியைப் போட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. பரிதாபத்தில் வந்த அழுகை இல்லை. தினமும் பால்கனியில் நின்று அவருக்கு டாட்டா காட்டியிருக்கிறேனே என்ற கோபம்.

மறுநாள் காலை அப்பா ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கழற்றுவதா கிளம்புவதா என்று அவருக்கே தெரியவில்லை. எதிர் ஃபிளாட்டின் கதவு திறந்திருந்தது, ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா எப்போதும்போல டிபன் பாக்ஸை நீட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்து வந்து, மடித்து, அவர் பையில் திணித்தாள்.

"பாறை சுடும்," என்றாள் குரலை இறக்கி. "விரிச்சு ஒக்காருங்க."