அம்மா கேட்ட புளிப்பு

ஜார்ஜ்டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில் ஒரு மரம் நிற்கிறது. நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதற்குச் சம்பந்தமே இல்லாமல் உச்சியில் கொஞ்சம் கிளைகள். குண்டு ஆளுக்குக் குழந்தையின் தொப்பியை மாட்டிவிட்டது மாதிரி இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நூறு வயதைத் தாண்டியது என்று பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். பள்ளியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் அந்த மலாய் எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படித்து மாமாவுக்குச் சொன்னேன். மாமாவுக்கு அதைப் படிக்கத் தெரியும். தெரியாதவர்போல வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

மாமா இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டவர். அப்பா தோட்டத்துப் பள்ளியையே முடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. சந்தர்ப்பம் வராவிட்டால் வரவழைத்துக்கொண்டு சொல்வேன். புத்தகங்களில் அந்த மரத்துக்குப் பெருக்கமரம் என்று பெயர் போட்டிருக்கிறது. ஏழு வயதில் எனக்கு அது யானைமரம்.

அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். தம்பி என்று முடிவு செய்தது நான்தான். ஒரு நாள் காலை அம்மாவுக்கு ரத்தம் படவே, ஆஸ்பத்திரியில் சேர்த்து, எழுந்து நடக்கக் கூடாது என்று படுக்கவைத்துவிட்டார்கள். அப்பாவுக்குப் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் தீவுக்கு வரும் கடல்பாலத்தைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்கு வருவார். அம்மாவின் தம்பியான மாமா பிறை என்ற ஊரில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அவர் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய், சோறு போட்டு, தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சாயங்காலம் அங்கே கொண்டுவருவார்.

முதல் நாளே வாசலில் காவல் நின்ற ஜாகா என்னை நிறுத்திவிட்டார். சிறுபிள்ளைகளுக்கு வார்டில் அனுமதி இல்லை. அவர் சொன்னது எனக்குப் புரியாமல் போகவில்லை. புரிந்ததால்தான் தரையில் உட்கார்ந்து கத்தினேன். மேலே இருக்கும் அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று கணக்குப் பண்ணிக் கத்தினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு மேலே போனார். மாமா என்னை அரிசி மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேநீர்க் கடைக்குக் கொண்டுபோனார். வாங்கிக்கொடுத்த, ஐஸ் மிதந்த தே ஆயிஸை வீசி எறிந்தேன். இன்னொன்று வாங்கினார். அதையும் எறிந்தேன்.

"விடு தம்பி, மூணாவது போட்டா எனக்குத்தான் யாவாரம்" என்று மாமாவிடம் சொன்னார் நானா.

மாமா சிதறிய ஐஸ் கட்டிகளைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். பிறகு என் காதருகே குனிந்து, "பாப்பா, அம்மா ஒரு வேல சொல்லி அனுப்பிச்சிருக்கு. அழுவுற புள்ளைக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன்" என்றார்.

அழுகையை நிறுத்தினேன். நிறுத்தியது எனக்கே வியப்பாக இருந்தது.

"அம்மாவுக்குப் புளிப்பு வேணுமாம்."

"மாங்கா வாங்கிக் குடுங்க."

"மாங்கா வேணாமாம். ஊறுகா வேணாமாம். அதோ, அந்த மரத்துல தொங்குது பாரு, அதுதான் வேணுமாம்."

யானைமரத்தின் கிளைகளில் நீளக் காம்புகள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு சுரைக்காய் அளவில், பச்சை வெல்வெட்டுத் துணி போர்த்தியதுபோல ஒரு காய்.

"அது புளிக்குமா?"

மாமா நானாவைப் பார்த்தார். நானா தேத்தண்ணீர் ஆற்றுவதை நிறுத்தவில்லை. "புளிக்கும் புள்ள. எங்க ராம்நாடு பக்கம் இந்த மரம் உண்டு. பப்பரப்புளின்னு சொல்லுவோம். ஓட்டை ஒடைச்சா உள்ள வெள்ளையா மாவாட்டம் இருக்கும். வாயில போட்டா கண்ணு சுருங்கிடும்."

"அப்ப ஏறிப் பறிங்க மாமா."

"ஏறுனா முனிசிபல்காரன் சம்மன் போடுவான்லா. பழைய மரம், கை வைக்கக் கூடாது. தானா விழுந்தா எடுத்துக்கலாம். விழும்போது பாத்துட்டே இருக்க ஒரு ஆள் வேணும்."

அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவே இல்லை.

வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் அடுக்குமாடியில் எல்லாப் பெண்களும் சொல்லும் விஷயம். என் வகுப்பில் ஒரு பையனுக்குக் காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். என் தம்பிக்கு அந்த நிலைமை வர விடுவேனா? மறுநாளே காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். பழம் தலையில் விழுந்தால் மண்டை பிளந்துவிடும் என்று நானா எச்சரித்ததால் மாமாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். அது என் தோள்வரை இறங்கியது. அண்ணாந்து பார்க்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைச் சுற்றுலாக்காரர்கள் மரத்தோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். எந்த ஊரிலோ யார் வீட்டிலோ நான் இன்னும் ஹெல்மெட்டோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்ன பாப்பா, விழுந்துச்சா?" என்று நானா கடையிலிருந்து கத்துவார்.

"இன்னும் இல்ல நானா!"

"கண்ணக் கொட்டாத. நீ கண்ணக் கொட்டுற நேரம் பாத்து விழுந்துரும்."

அந்த மரத்தடியிலிருந்து ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஜன்னல்கள் தெரியும். அம்மா எந்த ஜன்னலில் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் கையைப் பொதுவாக நீட்டினார். அதனால் எல்லா ஜன்னல்களுக்கும் கையசைப்பது என்று வைத்துக்கொண்டேன். இடது கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல். ஒரு நாள் ஒரு ஜன்னலில் யாரோ பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். அது அம்மா என்றே எடுத்துக்கொண்டேன். எழுந்து நடக்கக் கூடாதவள் ஜன்னலுக்கு எப்படி வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவும் அம்மாவின் தலையணையில் தூங்கினேன். அதில் அவள் தேய்க்கும் எண்ணெயின் வாசனை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்வதற்குள் பழம் விழுந்தாக வேண்டும்.

பழம் விழவில்லை. காற்றடித்தது, மழை பெய்தது, இலைகள் விழுந்தன. அந்தக் காய்கள் மட்டும் காம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒரு சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கீழே வந்தார். என்னிடம் வராமல் மாமாவைக் கையசைத்து அழைத்தார். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்று பேசினார்கள். அப்பாதான் பேசினார், மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அப்பா திரும்ப மேலே போய்விட்டார். மாமா வெகுநேரம் தன் மோட்டார் சைக்கிளின் சீட்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

என்னிடம் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார்.

"நானா, அந்தக் கம்பக் குடுங்க" என்றார்.

"எந்தக் கம்பு?"

"கூடாரக் கம்பு."

"அத எடுத்தா கூடாரம் சாஞ்சிரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்த நானா, மாமாவின் முகத்தைப் பார்த்தார். கம்பை உருவினார். கடையின் முன்பக்கத் துணி இரண்டு வாடிக்கையாளர்களின் தலையில் இறங்கியது. மாமா மோட்டார் சைக்கிளை மரத்தடிக்குத் தள்ளிவந்து நிறுத்தி, சீட்டின் மேல் ஏறி நின்றார். நானா வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, சம்மன் போடுவாங்க!"

"போடட்டும்லா" என்றார்.

அடித்தார். கம்பு காற்றைத்தான் அடித்தது. மறுபடி அடித்தார். மாமா அப்படி எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, விடாமல் அடித்தார். கார்கள் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தன. கடைசியில் ஒரு பழம் அறுந்து விழுந்து, தரையில் மோதிக் குதித்து, சாலைக்கு உருண்டது. மாமா சீட்டிலிருந்து குதித்து ஓடி இரண்டு கையையும் விரித்துக் கார்களை நிறுத்தினார். நான் ஹெல்மெட்டோடு ஓடிப்போய்ப் பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெல்வெட்டு என்று நினைத்தது கையில் சொரசொரத்தது. என் வாழ்க்கையில் பிறகு வாங்கிய எந்தப் பரிசும் அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

நானா தேங்காய் உடைக்கும் கத்தியால் அதைப் பிளந்தார். உள்ளே சிவப்பு நார்களுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக, பழைய சுண்ணாம்புக் கட்டிகளைப்போல இருந்தது. ஒன்றை வாயில் போட்டேன். அவர் சொன்னபடியே கண் சுருங்கியது. மீதியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தனியாகக் கொஞ்சம் சீனியும் மடித்துக் கொடுத்தார்.

"காசு எவ்ளோ நானா?" என்று பெரிய மனுஷிபோலக் கேட்டேன்.

"ஒங்க அம்மா நல்லாயி வீட்டுக்குப் போவட்டும் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் கூடாரத்தை நிமிர்த்தப் போய்விட்டார்.

மறுநாள் ஜாகா என்னை நிறுத்தவில்லை. அப்பா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வழிவிட்டார். கையிலிருந்த பழம்தான் அனுமதிச் சீட்டு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவருக்கும் அம்மா இருந்திருப்பாள், அவளும் புளிப்புக் கேட்டிருப்பாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் கூப்பிட்டதும் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. கட்டிலில் ஏறி அவள்மேல் விழப்போன என்னை அப்பா பிடித்துக்கொண்டார். நான் பையை நீட்டினேன்.

"என்னடா இது?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

மாமா ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "நீதான கேட்ட அக்கா... புளிப்பு. பாப்பா தெனமும் மரத்தடியில காவல் இருந்து கொண்டாந்திருக்கு."

அம்மா எதையும் கேட்டிருக்கவில்லை. இது எனக்கு மிகவும் பிற்பாடுதான் தெரியவந்தது. என்னை வாசலில் அழாமல் உட்காரவைக்க மாமா கட்டிய கதை அது. அப்போது நான் பார்த்ததெல்லாம், அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்ததும், பிறகு என் முகத்தைப் பார்த்ததும்தான்.

"ஆமா" என்றாள். "கேட்டேன்ல. மறந்தே போச்சு."

ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள். சீனியைத் தொடவில்லை. அதைச் சப்பி முடித்து விதையை என் உள்ளங்கையில் துப்பினாள். இன்னொன்று. இன்னொன்று. கன்னத்தில் நீர் வழிந்தது.

"ரொம்பப் புளிக்குதாம்மா?"

"ஆமாடி. ரொம்ப."

"நாளைக்கும் கொண்டாறவா?"

"வேணாம்டி. ஆசை தீந்துருச்சு."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் அடைந்த பெருமையை என்னவென்று சொல்ல! இனி தம்பியின் காதுக்கு ஒரு குறையும் வராது. தம்பி சாமியிடமே இருந்துவிட்டான் என்று அப்பா பிறகு ஒரு நாள் சொன்னபோது, "சரி" என்றேன். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், தலையணை திரும்ப மணத்தது, எனக்கு அது போதுமாயிருந்தது.

விதைகளை விட்டுவைக்கவில்லை. பால் டின்களில் மண் நிரப்பிப் புதைத்தேன். முளைக்கவில்லை. "அந்த வெத தோலு இரும்பு மாதிரி. எங்க ஊர்ல மாடு தின்னு போட்டாத்தான் மொளைக்கும்" என்று நானா சொன்னதாக மாமா வந்து சொன்னார். "மாட்டுக்கு நான் எங்க போவேன்? நான்தான் திங்கணும்போல." தின்னவில்லை. சிமெண்டில் உரசி, வெந்நீரில் ஊறப்போட்டுக் கொடுத்தார். வாரக்கணக்கில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை நின்றது. அடுக்குமாடி நடைபாதை முழுக்க ஓடிக்கொண்டு கத்தினேன்: "வந்துருச்சு! வந்துருச்சு! அம்மா, வந்துருச்சு!"

அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். டின்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தொடவில்லை. தம்பி பிறந்திருக்க வேண்டிய மாதம் அது. எனக்கு மாதங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது, "இத நீ எடுத்துட்டுப் போயி ஒன் வீட்டுல வச்சிக்கடா" என்றாள் அம்மா. மாமா டின்னை எடுக்கக் குனிந்தார். அந்தச் செடி இன்று அவர் வீட்டுப் பின்புறம் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒற்றை இலையாக வந்ததைப் பார்த்து வேறு செடியோ என்று சந்தேகப்பட்டோம். இப்போது ஒவ்வொரு இலையும் விரித்த கை மாதிரி இருக்கிறது. அத்தை கொழுந்தைக் கிள்ளி முருங்கைக்கீரை போலப் பொரியல் செய்வார். இன்னும் காய்க்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் டின்னை விடவில்லை. அது என் செடி, என் பழம், நான் காவல் இருந்தது. மாமா அதைத் திருடிக்கொண்டு போகிறார் என்று கத்தினேன். அம்மாவையும் விடவில்லை. "நீதான கேட்ட? கேட்டுட்டு இப்ப ஏன் குடுக்குற?"

"பெரிய மரமாயிரும்டி" என்றாள் அம்மா. "நம்ம வீட்டுல எடம் இல்ல."

"எடமா? இவ்ளோண்டுதான் இருக்கு!"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, கொஞ்சமே கொஞ்சம் பிரித்து, அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இவ்ளோண்டுக்குக்கூடவா எடம் இல்ல?"

அம்மா என்னைத் திட்டவில்லை. நான் நியாயமாகப் பேசி அவளை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். என் கை வலிக்க ஆரம்பித்தது. அப்படியும் அவள் என் இரண்டு விரல்களுக்கும் நடுவே இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒன்றுமே இல்லையே, எதை அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.