விரல் இடுக்கு

எனக்குச் சிரங்கு வந்தபோது அதை உஷ்ணம் என்று சொல்லிக்கொண்டு, சாரல் காலம் முழுக்கத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்துபோய் அருவியில் கையைக் கொடுத்து நின்ற அறிவாளி நான். பள்ளிக்கூட வாத்தியார், தடிதடியான புத்தகங்கள் படித்தவன். அருவித் தண்ணீரில் மூலிகை கலந்திருக்கிறது என்று ஊரே சொன்னது. சிரங்குப் பூச்சிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"உஷ்ணமில்ல சார்வாள், பூச்சி. தோலுக்குள்ள வளை தோண்டிக் குடியிருக்கு" என்று என் விரல் இடுக்கைப் பார்த்துச் சொன்னவர் சுகாதார டாக்டர். காலராவுக்கும் அம்மைக்கும் ஓடுகிற உத்தியோகத்தில், ஏழைப் பிள்ளைகளின் சொறியை ஆராய்கிறேன் என்று பள்ளி பள்ளியாக அலைந்தவர். அதை ஒரு வியாதியாக மதித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது ஏழைகளின் தோல் நிறம் மாதிரி, கூடப் பிறந்தது.

எங்கள் பள்ளிக்கு அவர் முதலில் வந்த அன்று, "கையை நீட்டு" என்றார். பிள்ளைகள் உள்ளங்கையை மேலே காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டன. எங்கள் பிரம்பு கற்றுக்கொடுத்த பாடம் அது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று முதல் அவர் தம் கையை முதலில் நீட்டி நிற்பார். பிள்ளைகள் அதன்மேல் தங்கள் கையை வைக்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமிக்குக் கை முழுக்கச் சீழ். பலப்பம் பிடிக்க முடியாது. டாக்டர் அவள் வீட்டுக்கே போனார். எல்லோருக்கும் கந்தகக் களிம்பு தடவினார். அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்த ஒற்றைப் போர்வையை வெந்நீரில் போட வைத்தார். கை ஆறியது. அவள் எழுதத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை, உருண்டை முகத்தோடு வந்து வரிசையில் நின்றாள். வேடிக்கையாகப் பேசுகிறவன் என்ற பேரைக் காப்பாற்ற வேண்டாமா? "என்னட்டி, களிம்பைத் தேச்சியா, தின்னியா? கன்னம் இப்படி உப்பிட்டே!" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். குனிந்து விரல் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் நிமிராமலே சிரித்துவிட்டு, "கை சுத்தம்" என்று அடுத்த பிள்ளையிடம் போனார்.

அது சதையில்லை, வீக்கம். சிரங்கு ஆறிய பிறகும் அதன் சீழ் சில பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முதலில் முகம்தான் காட்டிக்கொடுக்கும். டாக்டருக்குத் தெரியாததல்ல. அவள் இறந்த செய்தி வந்து நாங்கள் புறப்பட்டபோது, "கையைத்தான் பாத்தேன் சார்வாள், மூஞ்சியப் பாக்கல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்த்தவன் நான். எனக்கு அதில் வேடிக்கைதான் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் யாராவது ஒரு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிக் கேலி செய்தால், எனக்கு உடனே அதன் கண்ணிமை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

அன்று அவள் வீட்டு வாசலில் நின்று டாக்டர், "தப்பு எம்பேர்லதான் தாயி" என்றார்.

சிறுமியின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தேற்றுகிறவள் போலச் சொன்னாள்: "அப்படிச் சொல்லாதிய அய்யா. கை நல்லாத்தான் ஆயிருந்துச்சு. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."