பட்டு வேகவைத்த தண்ணீரும் புது ரேடியேட்டரும்

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத கார். திருப்புட்குழி பக்கம் மெயின் ரோட்டில் ஆவி கக்கி நின்றுவிட்டது. லாரியில் கட்டி, சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த என் ஒர்க் ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். கூடவே டாக்சியில் வந்து இறங்கிய பட்டு ஜவுளி முதலாளி, இறங்கும்போதே கத்த ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, இந்த டிரைவர் புது ரேடியேட்டர கழட்டி வித்துட்டு பழச மாட்டிகினு ஏமாத்தறான்பா. ஆமான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்."

டிரைவர் முருகேசன் என் வயசுக்காரன். அவரிடமே ஒன்பது வருஷம் வண்டி ஓட்டியவன். திருடன் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் ஊரில் எவன் அவன் கையில் சாவியைக் கொடுப்பான்? எனக்கும் முதலில் அவன்மேல்தான் கோபம்.

"டெம்பரேச்சர் முள்ளு ஏறும்போது ஓரங்கட்டத் தெரியாதா? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

"ரெண்டு தபா சொன்னேன் மேஸ்திரி. மெட்ராஸ் பார்ட்டி உக்காந்துகினு இருக்காங்க, நிறுத்தாம ஓட்றான்னாரு."

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பானெட்டைத் திறந்தேன்.

ரேடியேட்டர் கம்பெனியில் மாட்டியதேதான். போல்ட் மேல் அடித்த பெயிண்டில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஃபேன் பெல்ட் டைட்டாக இருந்தது. சூடேறினால் தண்ணீருக்கு வழி விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. கடைசியாக ரேடியேட்டரின் அடி ஹோஸை உருவினேன். கொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டியது. விரலை விட்டால் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ வந்தது. முகர்ந்தேன், குமட்டியது. அது என்ன வாடை என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பச்சைப் பட்டில் இருக்கிற பசை போக சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார்களே, அந்தத் தண்ணீர்.

"இன்னாத்தடா ஊத்தின?" என்று முருகேசனைக் கேட்டேன். முதலாளிதான் பெருமையாகச் சொன்னார்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன். ஊர்த் தண்ணி உப்பு, துரு புடிச்சிடும். நம்ம பட்டறையில பட்டு வேகவச்ச தண்ணி எண்ணெ மாதிரி வழுக்கும்பா. இன்ஜினுக்கு நல்லதுதான?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வழுக்கறது சோப்பும் பசையும் மொதலாளி! சூடானா நுரைச்சிகினு வெளிய தள்ளும். ஆறினா உள்ளயே உறைஞ்சி ட்யூப அடைச்சிடும். பட்டுலயே பொறந்து வளர்ந்தீங்க, இது தெரியாதா?"

"சரி சரி, கத்தாத. கழுவி வுடு."

"இவன திருடன்னீங்களே, அது?"

"ஊத்தும்போது இவன் வாணாம்னு சொல்லியிருக்கணும்ல?"

அடப் பாவி மனுஷா! சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? ஸ்பானரை டிரேயில் வீசினேன். "தப்புன்னு இவன் மூஞ்சிய பாத்து சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி இங்கதான் நிக்கும்" என்றேன். அவர் விறுவிறுவென்று போய்விட்டார்.

ரேடியேட்டரை இறக்கி, வெந்நீர் விட்டு விட்டு அலசி மாட்டினேன். மூன்றாம் நாள் கணக்குப்பிள்ளை வந்தார். "மொதலாளி மன்னிச்சிட்டாரு, முருகேசன வேலைக்கு வரச் சொன்னாரு" என்றார். யார் யாரை மன்னிப்பது? வந்த வழியே திருப்பி அனுப்பினேன். டாக்சி ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்களும் அந்தக் காரைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு ஓட்டத் தெரியாது. ஒரு வாரம் ஜட்காவில் போய் வந்துவிட்டு, எட்டாம் நாள் அவரே வந்தார். நான் ஆள் அனுப்பி முருகேசனை வரவழைத்தேன்.

"தப்பு என்மேலதான்பா. நீ திருடல" என்றார். குரலே எழும்பவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

முருகேசன் என்னிடம் சாவியை வாங்கினான். அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வீட்டு வாசல் வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டான். முள் ஏறவில்லை. இறங்கி, சாவியை அவர் கையில் கொடுத்து, "வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பி வந்தான். மறுநாளிலிருந்து லாரி ஓட்டப் போனான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "ஆமான்னு சொல்லு" என்று எந்த முதலாளி கேட்டாலும், கழற்றிப் பார்க்காமல் சொல்லாதீர்கள். அன்று நான் சொல்லியிருந்தால் முருகேசன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.