கால் கிலோவுக்குள் ஒரு ட்ரோன்

எனக்கு ட்ரோன் ஆசை வந்தது போளூரில் ஒரு கல்யாணத்தில். போட்டோக்காரர் அதைப் பந்தலுக்கு மேலே பறக்கவிட்டார். எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தேன். பந்திக்குக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு தையல்காரிக்கு இப்படி ஒரு கிறுக்கு.

காசு என்னுடையது, ஜாக்கெட் தைத்துச் சேர்த்தது. ஆனால் எங்கள் மலைக் கிராமத்தில் எதை வாங்கினாலும் “இன்னாத்துக்கு?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். விளையாட என்று சொன்னால் ஆசை அன்றோடு முடிந்தது. அதனால் ஆளுக்கொரு பொய் தயார் செய்தேன். பலாமரத்தில் ஏறும் குரங்கை விரட்ட என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாமியாரிடம், காட்டில் வழி தவறும் ஆட்டைத் தேட. கொழுந்தனாரிடம், எந்தப் புளியமரத்தில் எவ்வளவு காய் என்று மேலேயிருந்து பார்க்க. மூன்று பேரும் தலையாட்டினார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திருப்பத்தூர் கடைக்குப் போகும்போது கைத்தராசையும் கால் கிலோ எடைக்கல்லையும் பையில் போட்டுக்கொண்டேன். நாங்கள் புளி விற்கிற குடும்பம். வியாபாரி சொல்லும் எடையை நம்புவதில்லை, சொந்தத் தராசு இல்லாமல் மலையிறங்குவதுமில்லை.

கடைக்காரர் இரண்டு ட்ரோன்களை எடுத்து வைத்தார். “கால் கிலோவுக்கு மேல போனா பதிவு பண்ணணுங்க. இது ரெண்டும் அதுக்குள்ளதான். மொத தடவ வாங்குறீங்கன்னா இந்தப் பெரிச எடுத்துக்கங்க. வுட்ட எடத்துல அப்படியே நிக்கும்.”

நான் தராசைத் தூக்கிப் பிடித்தேன்.

“இன்னாம்மா இது?”

“நீங்க சொல்றது சரிதானான்னு பாக்க வாணாமா? பேட்டரியையும் போடுங்க.”

பெரியது கல்லுக்குச் சமமாக நின்றது, முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் நான் குற்றவாளி. சின்னதை வைத்ததும் கல் இருந்த தட்டு டக்கென்று கீழே இறங்கியது.

“சின்னதையே குடுங்க.”

“மலைக்குக் கொண்டு போறீங்க. காத்துல நிக்காதுங்க” என்றார். அவர் வற்புறுத்த வற்புறுத்த எனக்குச் சந்தேகம் வலுத்தது. வியாபாரி தள்ளிவிடப் பார்க்கிற சரக்கை எங்கள் வீட்டில் யாரும் வாங்கியதில்லை.

மறுநாள் காலை, அறுவடை முடிந்த சாமைக் கொல்லைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். தனியாக ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. அங்கே வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தனார் மூவரும் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை.

பட்டனை அழுத்தினேன். ஆள் உயரத்துக்கு ஏறி நின்றது. ஐயோ, என்ன அழகு! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்குள் பள்ளத்திலிருந்து ஏறி வந்த காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் செருகிவிட்டது.

கொழுந்தனார் துறட்டிக் கோலால் இழுத்து இறக்கினார். ஓர் இறக்கை வளைந்திருந்தது. வீட்டுக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதுவா குரங்க வெரட்டும்? குரங்குதான் இத வெரட்டும்.”

“குரங்கா?” என்றார் கொழுந்தனார். “புளி பாக்கன்னு இல்ல அண்ணி சொன்னாங்க?”

“எங்கிட்ட ஆட்டத் தேடன்னு சொன்னா” என்றார் மாமியார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நெசத்த சொல்லு. இன்னாத்துக்கு வாங்குன?”

“வெளாடத்தான் அத்தை.”

முகம் சூடாகிவிட்டது. மூன்று பொய் சொன்னபோதும் வராத வெட்கம் ஓர் உண்மைக்கு வந்தது.

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்றார் வீட்டுக்காரர், ரொம்பப் பெருந்தன்மையாக.

“சொல்லியிருந்தா வாங்க வுட்டிருப்பீங்களா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். கொழுந்தனார் மரத்தைப் பார்த்தார்.

“வுட்டிருக்க மாட்டோம்” என்றார் மாமியார்.

அந்த ஒரு வார்த்தையில் என் குற்றவுணர்ச்சி சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்காரர் கையிலிருந்து ட்ரோனை வாங்கி, வளைந்த இறக்கையை நிமிர்த்தினேன்.

“எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன்.