லாஸ்யாவுக்கு ஒரு மொழி

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பவளம் அக்கா வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. விடிகாலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால், இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாகப் பெண்கள் எந்தச் சந்துக்குள் ஓடுகிறார்களோ அந்தச் சந்துதான். என் மகள் சுவாதி பள்ளிக்கூடம் சேரும்வரை அங்கேதான் வளர்ந்தாள். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி நானே பார்த்தது. மீதி அக்கா சொன்னது.

அக்காவுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கணவர் மாரிமுத்து இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஓசூருக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் அக்காவின் பேச்சில் ஊர் மாறவில்லை. வீட்டுக்கார நாராயணம்மா கன்னடமும் தெலுங்குமாகப் பொழிவார். அக்கா தமிழிலேயே பதில் சொல்வார். ஒரே மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒன்று ஐந்தாகிவிட்டது.

அந்த ஐந்தில் ஒன்றுதான் லாஸ்யா. அப்பா சிவராஜுக்கு வேப்பனப்பள்ளி, வீட்டில் பேசுவது தெலுங்கு. அம்மா ரேவதி கம்பெனியில் என்னோடு போர்டு அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். பிரசவ லீவு முடிந்த அன்று, ஆறு மாதக் குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள்.

குழந்தை யாரையும் படுத்தவில்லை. மற்ற நாலும் சேர்ந்து கத்தினாலும் அது பாட்டுக்குத் தூங்கும். குக்கர் விசில் அடித்தாலும் அசையாது. "இது தங்கக்கட்டி தாயி, இப்படி ஒரு பிள்ளைய நான் பார்த்ததே இல்ல" என்று அக்கா எங்கள் எல்லோரிடமும் சொல்லுவார். கை நிறையக் குழந்தைகள் இருக்கும்போது அழாத குழந்தை வரம்தானே. அக்கா முகத்தையே பார்த்துச் சிரிக்கும். சாயங்காலம் ரேவதி வந்து தூக்கினால் அக்காவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு விடாது. ரேவதி சிரித்துக்கொண்டே அந்த விரல்களைப் பிரிப்பாள். பிறகு பஸ் ஸ்டாப் வரை குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டு வேகமாக நடப்பாள்.

ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "வீட்ல தெலுங்கு, இங்க தமிழு, நான் பேசறது கன்னடா. மூணு பாஷை கேக்கற கொழந்தை லேட்டாத்தான் பேசும்" என்றார் நாராயணம்மா. ஓசூரில் எல்லோரும் சொல்வதுதான் அது. நாங்களும் தலையாட்டினோம்.

லாஸ்யாவுக்கு இருபது மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம், சந்து முனையில் நின்ற லாரியின் டயர் வெடித்தது. குழந்தைகள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டன. லாஸ்யா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, டப்பா மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவள் முதுகுப் பக்கம் போய் நின்றார். தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். குழந்தை அடுத்த மூடியை எடுத்தது.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ரேவதி, பிள்ளைக்குக் காது கேக்குதான்னு ஒருக்கா காட்டிருவோமா?"

"என் பொண்ணு செவிடுன்னு சொல்றீங்களாக்கா?" ரேவதியின் குரல் உடைந்தது. "அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினாராம்."

ஒரு வாரம் குழந்தையைக் கொண்டுவரவில்லை. லீவு கிடைக்காமல் திரும்பக் கொண்டுவந்தாள். அக்கா விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்டார், திட்டு வாங்கினார், மறுபடியும் கேட்டார். இரண்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் மற்றக் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு, ரேவதியோடு அவரே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை என்றார்கள். ஆபரேஷன் செய்து கருவி வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் முக்கியம், இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ரேவதி வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலு மாசம் உங்க மடியிலதானேக்கா இருந்தா. உங்களுக்குத் தெரியலையா?"

"என்னத்தச் சொல்ல?" என்று அக்கா பிறகு என்னிடம் கேட்டார். "அழாத பிள்ளைன்னு சந்தோசப்பட்டேன். ஏன் அழலன்னு பார்த்தேனா?"

இரண்டே கால் வயதில் சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிக் கருவியை முடுக்கிய அன்று சிவராஜுக்கு லீவு இல்லை. ரேவதி அக்காவைத்தான் கூப்பிட்டாள். முதல் சத்தம் கேட்டதும் லாஸ்யா வீறிட்டு அழுதாளாம். இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்களாம்.

பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் உட்காரவைத்துச் சொன்னாள். "இவ இன்னைக்குத்தான் பிறந்திருக்கான்னு வெச்சுக்குங்க. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் யாராவது பேசிக்கிட்டே இருக்கணும். கை ஜாடை வேண்டாம். இப்போதைக்கு ஒரே மொழி. பகல் முழுக்க யார் கூட இருப்பா?"

ரேவதி அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தொப்பூர் தாண்டும்வரை ரேவதி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள். "வேலைய விட்டுடறேன்க்கா. ஊருக்குப் போயிடறேன். என் பாஷையில என்னை அம்மான்னு கூப்பிடணும்."

"அதான் தாயி சரி" என்றார் அக்கா. அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரமானது என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர்கள் போன பிறகு ஒரு மாதம் அக்கா புதுக் குழந்தை எதையும் எடுக்கவில்லை. எடுக்க ஆரம்பித்தபோது, "காது காட்டியாச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றால் காட்டிவிட்டு வரச் சொன்னார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு வீடு தேடிப் போனார்கள். மாரிமுத்து அண்ணன் ஒருநாள் என்னிடம், "உங்கக்கா சோறு திங்கும்போதே எந்திரிச்சுப் போயி எதாவது பிள்ளைக்குப் பின்னால நின்னு கை தட்டுதும்மா" என்று கவலையாகச் சொன்னார்.

ஒன்றரை வருஷம் கழித்து, லாஸ்யாவைக் கூட்டிக்கொண்டு வருவதாக ரேவதி போன் செய்தாள். அக்கா நாலு நாள் நாராயணம்மாவிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். தமிழில் பேசினால் குழந்தை குழம்பிவிடுமோ என்று பயம். "தா பங்காரம், பாகுன்னாவா" என்று கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே சொல்லிப் பார்ப்பார். வா தங்கம், நல்லா இருக்கியா என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காதுக்குப் பின்னால் நீலக் கருவி, இரட்டைப் பின்னல், நாலு வயது லாஸ்யா. அக்கா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். கற்றுக்கொண்டதைச் சொன்னார். குழந்தை பின்வாங்கி ரேவதியின் சேலையைப் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்துக் கேட்டது.

"அம்மா, ஈமெ எவரு?"

இவங்க யாரு என்றுதான் கேட்டாள். கொஞ்சம் மூக்கால் பேசினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. ரேவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெத்தம்மா... நின்னு பெஞ்சின பெத்தம்மா" என்றாள். உன்னை வளர்த்த பெரியம்மா என்று சொன்னாள். லாஸ்யா அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு, அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் இருந்தார்கள். அக்கா மடியில் அவள் உட்காரவே இல்லை.

ஆட்டோ போன பிறகு நான்தான் அக்காவை எழுப்பி உள்ளே கூட்டிப்போனேன். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கேட்டியா?" என்றார். "யாருன்னு கேட்டுட்டா. முழுசாக் கேட்டுட்டா."