பின் அடித்த கடைசி அத்தியாயம்

இரண்டாம் முறையாக வந்த பயத்தின் முதல் அறிகுறி என் உடம்பில் தெரியவில்லை. நூலகப் புத்தகம் ஒன்றில் தெரிந்தது.

அது மலைக்கிராமங்களில் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் அம்மாளின் வாழ்க்கை வரலாறு. எந்தப் புத்தகமாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவது என் வழக்கம். முடிவு தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்றும் பின்னாலிருந்துதான் புரட்டினேன். திறக்கவில்லை. கடைசி அத்தியாயம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

"என்னங்க இது, பின் அடிச்சிருக்கு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். புத்தகத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"பைண்டிங் விட்டிருக்கும். லைப்ரரில அடிச்சிருப்பாவ" என்றார். சொல்லிவிட்டு, ஒரு வேலையும் இல்லாத கொல்லைப்புறத்துக்கு எழுந்து போனார்.

நான் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். துணியை வெளிச்சத்தில் பிடித்து எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கறை என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. புத்தகத்தின் தாள் பழுப்பேறிப் பொடிந்துகொண்டிருந்தது. பின்களோ பளபளவென்று இருந்தன, துளி துரு இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். அச்சகத்தில் பெரிய ஸ்டேப்ளர் இருக்கிறது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? ஆனால், எதற்காக அடித்தார் என்பதுதான் விளங்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலரும் என்னைப்போல மருந்து ஏறும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம், அல்லது உட்காரப் போகிறவர்களாக. அதனால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, பிறகு கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது), பிறகு கதிர்வீச்சு. முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது, எல்லாம் உண்டு. அந்த நாட்களில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவை புத்தகங்கள்தான்.

எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். மருந்து ஏறும் நாளுக்கு உண்மைக் குற்றக் கதைகள். வாந்தி குமட்டிக்கொண்டு வரும்போது நல்ல வார்த்தை எதுவும் உள்ளே இறங்காது. யார் கொன்றது என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் இறங்கும். ஆனால் பார்த்து எடுங்கள். ஆள்கள் குறைவாக இருக்க வேண்டும், நான்காவது பக்கத்துக்குள் பிணம் விழுந்துவிட வேண்டும். ரத்தத்தை ரசித்து ரசித்து எழுதுகிறவர் என்றால் மூடி வைத்துவிடுங்கள்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களுக்குப் போர்க்கால நாவல்கள். தளபதிகள் வருகிற நாவல் வேண்டாம். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற, கடுதாசிக்குக் காத்திருக்கிற சாதாரண ஜனங்கள் வருகிற நாவலாக எடுங்கள். விமானச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு ஒரு குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைப் படித்தபோது, அடியே இது நம் வீடுதான் என்று எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கை வரலாறு மட்டும் எனக்குச் சரிப்படவில்லை. பிறந்ததிலிருந்தே உத்தமர்களாக இருப்பவர்களோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? கூடப் பிறந்தவரோடு சொத்துச் சண்டை போட்டவர், கோபக்காரர், கடைசிவரை யாரையோ மன்னிக்காதவர் என்றால் படிக்கலாம்.

என் வீட்டுக்காரர் புத்தக வாசனையே இல்லாத மனிதர். பத்திரிகைகளில் மணமக்கள் பெயரைப் பிழை பார்ப்பதோடு சரி. ஆனாலும் அச்சகம் விட்டதும் அங்குள்ள நூலகத்துக்குப் போய் நின்று போன் பண்ணுவார்.

"ஏட்டி செல்வி, இன்னைக்குக் கொலையா, சண்டையா, வாழ்க்கையா?"

"கொலை."

"எம்புட்டு கொலை வேணும்?"

"ஒண்ணு போதும். நல்ல கொலையாப் பாத்து எடுங்க."

நூலகத்தில் இருப்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வருடாந்திர சிடி ஸ்கேன் (உடம்பை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) எடுத்தோம். ராஜபாளையத்திலேயே எடுத்து, மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினோம். நான் ரத்தம் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் இவர் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஒண்ணுமில்லன்னுட்டாவ. மூணு மாசம் கழிச்சு சும்மா ஒருக்கா பாக்கணுமாம்" என்றார். ஒன்றுமில்லாததை ஏன் மூன்று மாதத்தில் பார்க்க வேண்டும்? கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

அதிலிருந்து கொலை நின்றுபோனது. "எல்லாம் வெளிய போயிருக்காம்" என்றார். சண்டையும் நின்றது. ஊரில் அத்தனை பேருமா திடீரென்று போர் நாவல் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்? வந்ததெல்லாம் வாழ்க்கை வரலாறு. எல்லாவற்றிலும் கடைசியில் பின். ஆள் பிறக்கிறார், வளர்கிறார், ஊருக்கு நல்லது செய்கிறார், சாவதே இல்லை.

மற்ற கூத்துகளும் கூடவே நடந்தன. செட்டியார்பட்டியிலிருந்து என் நாத்தனார் நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கழுத்துத் துண்டைத்தான் எடுத்து வைக்கிற மதினி, அன்று ஈரலைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். "சாப்பிடு தாயி, நல்லாச் சாப்பிடு" என்றார். தாயியாம்! எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. இவர் வேலைநாளில் லீவு போட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் அய்யனார் கோவிலுக்குப் போய்வந்ததும் சட்டைப்பை விபூதியில் தெரிந்தது. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்த அன்றுகூட ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் ஊக்கால் நெம்பிப் பின்களைக் கழற்றினேன். பள்ளிக்கூடம் நடத்திய அம்மாள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார். அடுத்த புத்தகத்தின் பெரியவருக்கு நுரையீரலில் நோய். இன்னொருவர் படுக்கையில் கிடந்து, வலி தாங்காமல் போயிருந்தார்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே சலித்துக்கொள்கிற மனிதர், மத்தியானச் சோற்று நேரத்தில் அச்சகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று தேடிப் பார்த்திருக்கிறார். அதை நினைத்து அழுவதா, ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. ஊரார் சாவையே என்னிடம் மறைக்கிறார் என்றால் என் சாவு வாசலுக்கு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்புறம் நான் நோயாளியாகவே ஆகிவிட்டேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது. தலை வலித்தால் மூளைக்குப் போய்விட்டது. லேசாக ஒரு இருமல் இருந்தது, அதை இவர் காதில் விழாமல் முந்தானைக்குள் இருமினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியக்கூடாதாம்! சோறு இறங்கவில்லை. பட்டுச்சேலையை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டேன். மருத்துவர் சொல்லாத வியாதியையெல்லாம் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன்.

மறைக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. நீங்கள் சொல்லாத இடத்தை நாங்கள் காலியாக விடமாட்டோம். அதில் இருப்பதிலேயே மோசமானதைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம்.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் கழற்றிய புத்தகங்களை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தேன். பார்த்தார். பிசைந்த கை நின்றது.

"எத்தனை மாசம் சொல்லியிருக்காவ?" என்று கேட்டேன்.

"ஏட்டி, வாயைக் கழுவு. அப்படி ஒண்ணும் சொல்லல."

"பொறவு என்ன சொன்னாவ?"

"நுரையீரல்ல சின்னதா ஒரு புள்ளி மாதிரி தெரியுதாம். பழைய தழும்பாக்கூட இருக்கலாமாம். மூணு மாசம் விட்டுப் பாத்தாத்தான் தெரியுமாம். ஒண்ணுமில்லாமலும் போவலாம்னுதான் சொன்னாவ. ஒண்ணுமில்லாததை எதுக்குச் சொல்லணும்?"

"ஒண்ணுமில்லாததுக்கா பின் அடிச்சிய?"

கண் கலங்கி, எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார். "நீதான் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவியே. அங்க போயி நிக்காண்டாம்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் உடம்பு, என் நுரையீரல், அதில் ஒரு புள்ளி. அது செட்டியார்பட்டி மதினிக்குத் தெரியும், அய்யனாருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அழுதேன், கத்தினேன். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை மருத்துவர் வாயிலிருந்து முதலில் கேட்பது நான்தான். அவர் தலையை ஆட்டினார். அதையும் நான் நம்பவில்லை.

மருத்துவர் சொன்ன மூன்று மாதம் முடிந்து மறுபடி ஸ்கேன். மருத்துவமனை நடைக்கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் என்னைப்போலவே அடுத்தவர் முகத்தை உளவு பார்க்கும் ஆட்கள். நர்ஸ் கதவைத் திறந்து, "செல்வி கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க" என்றார்.

இவர் எழுந்தார்.

"அவகிட்டயே சொல்லச் சொல்லுங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

உள்ளே மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். "புள்ளி கொஞ்சம் வளர்ந்திருக்கும்மா. பயாப்சி (ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பது) பண்ணித்தான் ஆகணும். நோய் திரும்பியிருக்கலாம், வேற எதுவாகவும் இருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது."

அந்த ஊசியில் என்ன வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை. காசநோய். புற்றுநோய் இல்லை. டி.பி. என்று கேட்டு மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மாதக்கணக்கில் மாத்திரை, ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர், வாயெல்லாம் கசப்பு. முடித்துவிட்டேன். புள்ளி இருந்த இடத்தில் இப்போது தழும்பு மட்டும் இருக்கிறது.

ஆனால் அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது இது எதுவும் தெரியாது. வளர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கதவைத் திறந்தேன். இவர் எழுந்து நின்றார். மாதக்கணக்கில் நான் அவர் முகத்தைப் பார்த்தேனே, அதே பார்வை. என் கண்ணைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ரொம்ப இளைத்துப் போயிருந்தார், அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"ஒண்ணுமில்லங்க, வாங்க போவோம்."

இந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்து நின்றது. இந்த மனிதர் இன்று ஒரு வாய் காபி குடிக்கட்டும், இன்று ஒரு நாள் தூங்கட்டும் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. இதற்கா அவரை அந்தத் திட்டு திட்டினேன்!

விழுங்கிக்கொண்டேன். "வளந்திருக்குங்க. ஊசி போட்டுப் பாக்கணுமாம்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "முழுசையும் சொல்லிட்டியா? மிச்சம் எதையும் வச்சிருக்கலியே?" என்று கேட்டார்.

"அம்புட்டுதாங்க."

அவர் நம்பவில்லை.

இப்போது எனக்குக் காலம் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரைதான் நீளுகிறது. ஆடி, தை எல்லாம் அதற்குள் வந்துபோகின்றன. உடம்பும் பழையபடி எனக்கு மட்டும் சொந்தமானதாக இல்லை. நான் அடுப்படியில் இருமினால் உள்ளே டி.வி. சத்தம் சட்டென்று குறைகிறது.

"புரை ஏறிட்டுங்க" என்று குரல் கொடுப்பேன்.

சத்தம் உடனே கூடுவதில்லை.