தையல்காரரின் இரண்டு மாத்திரைகள்

காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிற குரல் நிற்கவேண்டும் என்றுதான் தையல்காரர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். பழைய மாத்திரை குரலை அடக்கியது; கூடவே கையை நடுங்க வைத்தது. காலர் தைத்தால் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வந்தது. பிறகு மாற்றிக் கொடுத்த புது மாத்திரையில் குரலும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆனால் ஆறே மாதத்தில் இடுப்பு நாலு அங்குலம் பெருத்துவிட்டது.

"சர்க்கரையும் ஏறப் பாக்குது. எந்த மாத்திரை வேணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

ஊருக்கே அளவெடுக்கிற தையல்காரர் பையிலிருந்து இரண்டு காலர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது பழைய மாத்திரை தைச்சதும்மா. இது புதுசு தைச்சது."

கூட வந்திருந்த அவர் மனைவி கோணல் காலரைப் பார்த்து, "இதைப் போட்டா கழுத்து சுளுக்கிக்கும், டாக்டரம்மா," என்றாள்.

டாக்டரம்மா சிரித்தபடி புதியதையே தொடரச் சொன்னார். தினமும் நடையும், மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எழுதினார்.

கடைக்குத் திரும்பியதும் தையல்காரர் தன் கால்சட்டையின் இடுப்பைப் பெரிதாக்கத் தையலைப் பிரித்தார்.

"எவ்வளவு விடப்போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டு அங்குலம்."

"பெருத்தது நாலாச்சே! மூச்சு முட்டாதா?"

"முட்டினாத்தானே நடப்பேன்," என்று ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார்.